மூடி இல்லாத எஞ்சின்

சபாபதி முதலாளி என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. நான் மொஹசின். ஒலிமுகமதுபேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். செத்துப்போன பழைய எஞ்சின்களை ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. இருப்பதை அழிக்கமாட்டேன், இல்லாததை ஒட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வேன். இவரிடமும் சொன்னேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

நாங்கள் நின்றிருந்த இடம், பிள்ளையார்பாளையத்தில் அவர் அப்பா பட்டு நூல் முறுக்க நடத்திய பட்டறை. மகன் அதைப் பட்டுப்புடவைக் கடையாக மாற்றிவிட்டார். வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க நடுக்கூடத்தில் அந்தப் பழைய ஆயில் எஞ்சின் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. நேற்று சோதனைக்கு ஓட்டினேன். தெருவே அதிர்ந்தது. இன்று காலை, பெல்ட் சுற்றும் சக்கரத்துக்கு மேல் மாட்டச் சொல்லி ஒரு இரும்புத் தகட்டு மூடியைக் கொண்டுவந்து போட்டார். புத்தம் புது மூடி. பழசாகத் தெரிய ஆசிட் ஊற்றித் துருப்பிடிக்க வைத்திருந்தார்கள்.

"இத்த மாட்டு பாய். எங்கப்பா காலத்துலயே இருந்துச்சு."

"இல்ல மொதலாளி. இருந்ததே இல்ல."

அந்த மூடிக் கதை எங்கள் ஊருக்கே தெரியும். பல வருடங்களுக்கு முன் இங்கே வேலை செய்த கலாவதியின் சடை இந்தச் சக்கரத்தில் சிக்கியது. முடியோடு தலைத்தோலும் உரிந்து வந்துவிட்டது. அவள் பிழைத்ததே பெரிய விஷயம். சிக்கிய நூலை எடுக்க அவளே மூடியைக் கழற்றினாள் என்று முதலாளி வீட்டில் சொன்னார்கள். ஊரும் நம்பியது.

ஆனால் அழுக்கைச் சுரண்டியபோது நான் பார்த்தது வேறு. மூடி மாட்டுவதற்காகவே எஞ்சினின் அடிக்கட்டையில் நான்கு போல்ட் துளைகள் இருந்தன. நான்கிலும் உள்ளே திருகு மரை முழுக்க, எஞ்சினைச் செய்த கம்பெனி பூசிய பச்சை பெயிண்ட் கீறல் படாமல் அப்படியே இருந்தது. போல்ட் ஒரு முறை ஏறி இறங்கியிருந்தாலும் அது உதிர்ந்திருக்கும். இப்போது இவர் போல்ட்டை ஏற்றினால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். முடியாது என்றேன். அதற்குத்தான் காலரைப் பிடித்தார்.

அவருடைய டிரைவர் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான். சபாபதியே போல்ட்டை எடுத்துக்கொண்டு துளைக்கு முன்னால் குனிந்தார். அவர் இடுப்பில் எட்டி உதைத்தேன். மூக்கு எஞ்சினில் மோதி, வெள்ளை வேட்டியெல்லாம் ரத்தம். டிரைவர் என் விலாவில் குத்திய குத்தில் மூச்சே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவை உதைத்துக்கொண்டு கலாவதியின் தம்பி வீரபாகு உள்ளே வந்தான். தறி நெய்கிறவன். கையில் சம்மட்டி இருந்தது.

"எவன்டா இத்த ஓட்டினது? நேத்து சத்தத்த கேட்டு எங்கக்கா தறிக்குழிக்குள்ள சுருண்டுக்கிச்சுடா! இன்னும் ஒரு வாய் சோறு துன்னலடா!"

டிரைவர் என்னை விட்டுவிட்டு ஓடியே போனான். சபாபதி தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். சம்மட்டி எஞ்சின் அடிக்கட்டையில் இறங்கியது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஒரு மூலை, துளையோடு சேர்ந்து பெயர்ந்து தெறித்தது.

"ஒடைக்காதடா! உங்கக்காவுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதான்டா!"

கத்திக்கொண்டே எஞ்சின்மேல் விழுந்தேன். ஓங்கிய கையை அவனால் நிறுத்த முடியவில்லை. என் இடது கை விரல்கள் நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

தம்பியைத் தடுக்கப் பின்னாலேயே ஓடிவந்த கலாவதி வாசலில் நின்று அலறினாள். வழக்கம்போலத் தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். உயிர் போகிற வலியோடு, உடைந்த துண்டையும் சபாபதி போட்டுவிட்டு ஓடிய போல்ட்டையும் காட்டினேன்.

"அக்கா, இந்த போல்ட்ட இந்த ஓட்டையில முறுக்கி எடு."

ஒன்றும் புரியாமல் முறுக்கி எடுத்தாள். அவள் உள்ளங்கையில் பச்சைத் தூள் கொட்டியது.

"ஒரு தடவ முறுக்கினதுக்கே இப்படிக் கொட்டுது. மத்த மூணையும் பாரு, பெயிண்ட் அப்டியே இருக்குது. மாட்டாத மூடிய நீ எப்டிக்கா கழட்டியிருப்பே?"

அவள் குனிந்து மற்ற மூன்று துளைகளிலும் விரலை விட்டுத் தடவினாள்.

"அப்போ நான் கழட்டலியா?" என்றாள். "அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே எனக்கு ஞாபகம் இல்லப்பா. எல்லாரும் சொல்றாங்களேன்னு நான்தான் கழட்டினேன்னு இருந்துட்டேன்."



"பழசெல்லாம் எதுக்குமா கிளறிக்கினு," என்றார் சபாபதி, மூக்கைத் துடைத்தபடி.

வீரபாகு அவர்மேல் பாய்ந்தான். கலாவதி குறுக்கே புகுந்து சம்மட்டியைப் பிடுங்கினாள். எஞ்சினைத்தான் அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது தகரச் சத்தம். புது மூடியை அடித்துக்கொண்டிருந்தாள். அது நசுங்கி, மடங்கி, கிழியும்வரை அடித்தாள்.

"ஒடஞ்சது ஒடஞ்சபடியே இருக்கட்டும்," என்று சபாபதியிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். "வர்றவங்க பாக்கட்டும்."

முந்தானை தோளில் நழுவிக் கிடந்தது. முடி முளைக்காத தழும்புத் தலையில் ஜன்னல் வெயில் விழுந்தது. வீரபாகு அழுதுகொண்டே வந்து, முந்தானையை எடுத்து அவள் தலையில் போடக் கையை நீட்டினான்.

பளாரென்று அறைந்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீயே கழட்டி நீயே கெடுத்துக்கினே, எங்க தலையில வந்து வுழுந்தேன்னு ஒவ்வொரு சண்டையிலயும் சொன்னியேடா. சொன்னியா இல்லியா?"

சொல்லியிருந்தான். தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தான்.