கறுப்பு எண்ணெய்ச் சத்தியம்

சிங்காரத்தின் கைகளில் அந்த எண்ணெயைப் பூசியவள் நான்தான். முழங்கை வரைக்கும், விரல் இடுக்கு விடாமல், மோதிரத்துக்கு அடியிலும் சேர்த்துப் பூசினேன். பாவம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு வயிறு குளிர்ந்தது.

எண்பத்தொன்றில் எங்கள் மலையூருக்கு மேலே இருக்கும் பாறைச் சுனையிலிருந்து குழாயில் தண்ணீர் இறக்கும் வேலை வந்தது. காண்ட்ராக்ட் எடுத்தவன் சந்தவாசல் சிங்காரம். என் தம்பி அர்ச்சுனனுக்கு அவனிடம் மறை வெட்டும் வேலை. ஒரு குழாயை இன்னொன்றோடு முடுக்க வேண்டுமென்றால் முனையில் திருகு மறை வேண்டும். குழாயை இறுக்கிப் பிடித்து, டை என்கிற வெட்டுப்பல் மாட்டிய கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டுகிற இடத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால்தான் பிசிறில்லாமல் விழும். இல்லையென்றால் டையின் பல் போய்விடும்.

அதற்காகச் சிங்காரம் ஒரு பீப்பாய் கறுப்பு எண்ணெய் கொண்டுவந்து இறக்கினான். கழித்துப்போட்ட டிரான்ஸ்பார்மரில் வடித்ததாம். அதில் காரமாக வேறு எதையோ கலந்திருந்தான். மூடியைத் திறந்தாலே கண் எரியும்.

அர்ச்சுனன் நாள் முழுக்க அதில்தான் கையை நனைத்தான். மாதம் முடிவதற்குள் இரண்டு கைகளிலும் கொப்புளம், வெடிப்பு, சீழ். சோற்றைப் பிசைய முடியாமல் என் எதிரில் உட்கார்ந்து அழுதான். கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளை! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கொட்டமுத்தை வறுத்து இடித்து நானே காய்ச்சிய விளக்கெண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்தேன். அதை விட்டு வெட்டிப் பார்த்தான். மறை வழவழவென்று விழுந்தது, கையும் எரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சிங்காரத்திடம் போய்ச் சொன்னான். அவன் டப்பாவைக் காலால் எட்டி உதைத்தான்.

"இன்னாடா, இரும்புக்குப் பேதி மருந்து குடுக்கிறியா? பீப்பா தீர்ற வரைக்கும் அதுலதான் வெட்டணும்."

"கை வெந்து போச்சுங்க."

"எண்ணெய் இன்னாடா பண்ணும்? உனக்குப் பெருவியாதி வந்திருக்குது."

வாய் கூசாமல் சொன்னான், படுபாவி. அதோடு விட்டானா? தம்பி குடிக்கத் தண்ணீர் கேட்டபோது ஒரு கொட்டாங்குச்சியை நீட்டி, "வாய் வெக்காம குடி, ஒட்டிக்கப் போவுது" என்று கூலிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. தம்பிக்கு நிச்சயமான செந்தாமரையின் அப்பா பரிசத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அர்ச்சுனனைக் கொல்லைக் காவல் குடிசையில் போய் இருக்கச் சொன்னார்கள். அவனுக்குத் தண்ணீர் ஊற்ற அதே கொட்டாங்குச்சியை என் வீட்டு வாசலில் தொங்கவிடச் சொன்னார்கள். போகும்போதும் வரும்போதும் அது என் தலையில் இடித்தது. சிங்காரம், உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

காளியம்மனுக்குக் காப்புக் கட்டிய அன்று ஊர்க்கவுண்டர் சின்னராசு முன்னால் பிராது வைத்தேன்.

"என் தம்பிக்கு வியாதி கிடையாதுங்க. அந்த எண்ணெய்தான். இல்லன்னா இந்தாளு சத்தியம் பண்ணட்டும்."

சிங்காரம் சிரித்தான். "ஆத்தா மேல பண்றேம்மா. அந்த எண்ணெய் ஒண்ணும் பண்ணாது. போதுமா?"

சூடத்தை அணைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்திருப்பான். எங்கள் சத்தியம் கீழ்நாட்டானுக்கு எங்கே தெரியும்? எதைப் பற்றிச் சத்தியமோ அதைக் கையில் பூசிக்கொள்ள வேண்டும். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் கழுவக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கழுவினால் பொய்ச்சத்தியம். பொய்ச்சத்தியக்காரனுக்கு எங்கள் ஊரில் ஒருவனும் சுமை தூக்கமாட்டான். நாங்கள் தூக்காவிட்டால் ஒரு குழாய்கூடச் சுனைக்கு ஏறாது.

சின்னராசு இதைச் சொன்னதும் அவன் முகம் சுண்டியது. "ஒரு வாரமா?"

"ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன்.

பூசுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பீப்பாயின் அடிக்கசண்டு மேலே வரும்படி நன்றாகக் கலக்கி அள்ளினேன்.

இரண்டு நாள் பீடி குடித்துக்கொண்டு தெனாவெட்டாக உட்கார்ந்திருந்தான். பிறகு கோயில் தூணில் கையைத் தேய்க்க ஆரம்பித்தான். அப்புறம் சோறு ஊட்டிவிட ஆள் கேட்டான். காப்பு அவிழ்த்த அன்று கையைக் கழுவினான். எண்ணெயோடு தோலும் உரிந்து வந்தது. நான் முன்வரிசையில் நின்று கண்குளிரப் பார்த்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொன்னானா? "அர்ச்சுனன்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே பஸ் ஏறினான். ஆகா! அவன் குழியை அவனே தோண்டிக்கொண்டான். எங்கள் ஊர் அதை நம்பியது, அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களெல்லாமும் அதைக் கேட்டார்கள்.

அவன் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் மாப்பிள்ளையின் அப்பா வடிவேலு தாம்பூலம் மாற்றும் நாளைத் தள்ளிவைத்துவிட்டார். தை பிறப்பதற்கு முன் சிங்காரம் அவரையும் இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

"நீயே சொல்லும்மா இவருக்கு. வியாதி இல்ல, எண்ணெய்தான்னு."

"எனக்கு இன்னா தெரியும்? ஊரைக் கூட்டுறேன், நீங்களே சொல்லுங்க."

சின்னராசு வந்தார். செந்தாமரையின் அப்பாவும் வந்தார். நான் கொல்லைக்கு ஓடி அர்ச்சுனனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அந்த எண்ணெயைத் தொடாமல் இருந்ததில் அவன் புண்கள் ஆறித் தழும்பாகியிருந்தன. சிங்காரத்தின் துணியை அவிழ்க்கச் சொல்லி இருவர் கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

சிங்காரம் ஏதோ முணுமுணுத்தான்.

"காதுல வுழல" என்றேன்.

"எண்ணெயாலதான் வந்துச்சு. வியாதி இல்ல. எனக்கும் இல்ல, அர்ச்சுனனுக்கும் இல்ல."

"அன்னிக்கே தெரியுமா?" விடாமல் கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும். பீப்பாய தூக்கிப்போட மனசு வரல."

வடிவேலு அவன் பக்கம் திரும்பினார். "வியாதியா இருந்திருந்தா வைத்தியம் பார்த்துட்டு வான்னு சொல்லியிருப்பேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக இறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு ஒரு நிமிடம் சங்கடமாகத்தான் இருந்தது. செந்தாமரை அழுததையும் நினைத்துக்கொண்டேன். சங்கடம் போய்விட்டது.

அர்ச்சுனன் ஒன்றுதான் சொன்னான். "மீதிக் குழாய நான் வெட்டித் தர்றேன். விளக்கெண்ணெயிலதான் வெட்டுவேன். உங்க பீப்பாய நீங்களே எடுத்துட்டுப் போய்டுங்க." சிங்காரம் தலையாட்டினான்.

செந்தாமரையின் அப்பா என் வீட்டுக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். தான் ஒரு வாய் குடித்துவிட்டு அதே சொம்பைத் தம்பியிடம் நீட்டினார். அவன் வாய் வைத்துக் குடித்தான்.

சிங்காரத்துக்கும் தொண்டை காய்ந்திருக்க வேண்டும். "எனக்கும் கொஞ்சம் தண்ணி" என்றான்.

வாசலில் தொங்கிய கொட்டாங்குச்சியை அவிழ்த்து நிறைய ஊற்றி நீட்டினேன்.

"வாய் வெக்காம குடிங்க" என்றேன். "ஒட்டிக்கப் போவுது."