இருபத்திரண்டு சரிகள்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நான் எண்ணுகிறவன். நோயாளியின் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் கத்தரி எத்தனை, ஊசி எத்தனை, பஞ்சுத் துணி எத்தனை என்று உரத்துச் சொல்லும் தாதி. பதினேழு வருடங்களில் ஒருவர் வயிற்றிலும் ஒன்றும் தங்கியதில்லை. இதை நான் பிறந்தநாள் விழாக்களில் கேட்காதவர்களுக்கும் சொல்வதுண்டு.

அதனால்தான், கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர்வானை ஈஸ்டர் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்தபோது, புறப்படுமுன் செய்யவேண்டியவை என்று அவர்கள் கொடுத்த ஒன்பது வரிப் பட்டியல் எனக்குப் போதவில்லை. மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் இரண்டு மாலைகள் இருந்து அதை இருபத்திரண்டாக்கினேன். பிளாஸ்டிக் உறை போட்டேன். அழித்து எழுதும் பேனாவும் வாங்கினேன்.

"பீஹாக் கடற்கரைக்குப் போறமோ, நிலாவுக்கோ?" என்று என் மனைவி புஷ்பவதி கேட்டாள்.

"ஒரேவாவுக்கு" என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்று பிறகுதான் விளங்கியது.

ஒரேவாக் கடற்கரையை ஒட்டி, வான்கள் தங்கும் முகாமில் இரண்டு இரவுகள் நன்றாகவே கழிந்தன. எங்களுக்கு அடுத்த இடத்தில் சான்ட்ரிங்ஹாமிலிருந்து வந்த சுந்தரமும் அவர் மனைவி அம்புஜமும் பழைய வான் ஒன்றில் தங்கியிருந்தார்கள். இரண்டு வான்களுக்கும் நடுவே ஒரு மின்தூண். அதில் வானுக்கு ஒன்றாக இரண்டு பிளக், ஒரே நிறத்தில் இரண்டு வயர்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் நாங்கள் இடத்தைக் காலி செய்யவேண்டும். எட்டரைக்கே பட்டியலோடு இறங்கினேன். கழிவுநீரைத் திறந்துவிட்டேன். கூரை ஜன்னலை மூடினேன். ஏழாவது, கரண்ட் வயரைக் கழற்றுதல். தூணில் பிளக்கைத் திருகி இழுத்தேன். பட்டியலில் சரி போட்டேன்.

அந்த நேரம் சுந்தரம் தலையை வெளியே நீட்டினார்.

"சார், உங்களுக்குக் கரண்ட் இருக்கா? இங்க திடீர்னு போயிடுச்சு. குக்கர்ல பொங்கல் பாதியில நிக்குது."

"எங்களுக்கு இருக்கு" என்றேன், எங்கள் வானுக்குள் எரிந்த விளக்கைக் காட்டி. "குக்கரையும் ஹீட்டரையும் ஒண்டாப் போட்டனீங்களோ?"

"ஆமா."

"அதுதான் பிழை. பழைய வான், லோட் தாங்காது. உள்ளுக்கு ஃபியூஸ் விழுந்திருக்கும். சீட்டுக்குக் கீழ பாருங்கோ."

அதோடு விட்டிருக்கலாம். எந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பாவம், கரண்ட் இல்லாத மனிதர்கள் என்று புஷ்பவதி எங்கள் மின்கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து அவர்களுக்கும் தேநீர் கொடுத்தாள். நானும் ஒரு கோப்பை குடித்தேன். வயரைக் கழற்றிய வானில் கேத்தில் எப்படிக் கொதித்தது என்று எண்ணிப் பார்க்க, எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பதரைக்கு நாங்கள் இருவரும் மகளும் வானில் ஏறினோம். நான் உரத்து வாசித்தேன்.

"காஸ்?"

"பூட்டியாச்சு" என்றாள் புஷ்பவதி.

"படி?"

"டன்" என்றாள் பின்னாலிருந்து மகள் ராகவி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரண்ட் வயர்?" கேட்டதும் நான், "கழட்டியாச்சு" என்று பதில் சொன்னதும் நான்.

இருபத்திரண்டு சரிகள். வானைக் கிளப்பினேன். சுந்தரத்தின் கால்கள் அவர் வான் கதவுக்கு வெளியே தெரிந்தன. நான் சொன்னபடி சீட்டுக்குக் கீழே ஃபியூஸ் தேடிக்கொண்டிருந்தார். ஹார்ன் அடித்து விடைபெற்றேன்.

நான்கு மீற்றர் போயிருப்போம். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல வான் நின்று, பிறகு துள்ளியது. மரம் முறிவது போல ஒரு சத்தம்.

"அப்பா, ஸ்டாப்" என்றாள் ராகவி. இம்முறை கைபேசியைக் கீழே வைத்திருந்தாள்.

இறங்கிப் பார்த்தேன். மின்தூண் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. எங்கள் வானின் மறுபுறத்தில், நான் எட்டிப்பார்க்காத வேலியோரமாக, வயர் செருகும் பெட்டி பிய்ந்து தொங்கியது. எங்கள் வயர் தூணில் பத்திரமாக இருந்தது. அதன் அருகே புல்லில் இன்னொரு பிளக் கிடந்தது.

சுந்தரம் ஓடிவந்தார். "யாருக்கும் அடிபடலையே?" என்று முதலில் கேட்டார். பிறகு புல்லைப் பார்த்தார். "சார், இது என் பிளக் மாதிரி இருக்கே."

"காத்துக்குக் கழண்டிருக்கும்" என்றேன்.

ஒரு இலை அசையவில்லை. திருகினால் மட்டும் கழலும் பிளக் அது. புஷ்பவதி என்னைப் பார்த்தாள். என் காது சுட்டது. கணக்குப் பிழைத்தால் அந்தக் கணமே உரத்துச் சொல்லவேண்டும், அவமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்குப் புதிதாக வரும் தாதிகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"இல்லை, சுந்தரம். நான்தான் கழட்டினனான். என்ர எண்டு நினைச்சு உங்கடையைக் கழட்டிப்போட்டன். உங்கட வானில ஒரு பிழையும் இல்லை."

அவர் குனிந்து தன் பிளக்கைக் கையில் எடுத்தார். "அப்போ, அந்தப் பத்து நிமிஷம்?"

"அதுவும் என்ர பிழைதான்."

அவர் சிரிக்கவில்லை. அம்புஜம்தான் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வான் படியில் உட்கார்ந்து.

முகாம் மேலாளர் அரைக்காற்சட்டையோடு வந்து, பாதுகாப்புக்காக அந்த வரிசை முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தினார். அதாவது, இன்னும் ஆறு குடும்பங்களின் காலைச் சாப்பாட்டையும் நான் நிறுத்தினேன். ஒவ்வொரு வானாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். நான்காவது வானில் இருந்த முதியவர், தன் கூடாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒருமுறை வீதிவரை போனதாக ஆறுதல் சொன்னார். கூடாரத்தில் யார் இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வானின் படி இறக்கியிருந்தது. கூரை ஜன்னல் திறந்திருந்தது. காஸ் அடுப்பில் அம்புஜத்தின் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகு டப்பாவுக்காக இழுப்பறைகளையும் திறந்துவிட்டார்கள். இருபத்திரண்டு சரிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஐந்து பேரும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. சுந்தரம் இரண்டாம் தடவை எனக்குப் போட்டபோது, "லோட் தாங்குமா, சார்?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

மின்வேலை செய்பவர் வந்து தொங்கிய பெட்டியைக் கட்டிக்கொடுக்கப் பகல் ஒரு மணியாகிவிட்டது. புஷ்பவதி பட்டியலைக் கேட்கவில்லை. வானைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். தூணைப் பார்த்தாள், வேலியோரம் குனிந்து பார்த்தாள். பிறகு சாரதி இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் அல்பனி வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. அல்பனியில், பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்படி சொன்னேன். பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன் என்றாள்.