ஆள் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த டீக்கடையின் இரண்டு பெஞ்சுகளும் நிறைந்துவிட்டன. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கம்பைநல்லூரிலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து மாதம் ஒரு முறை இங்கே கூடுவார்கள். முப்பத்திநாலு வருஷம் தண்டவாள வேலை பார்த்து, கடைசியில் கேங் மேஸ்திரியாக இருந்த நஞ்சப்பன்தான் அன்றும் பேசிக்கொண்டிருந்தார்.

"தண்டவாளத்துல காதை வச்சன்னா எந்த டிரைவர் வர்றான்னு சொல்லிடுவேன். ஒரு நாள், வண்டி அஞ்சு மைலுக்கு அந்தாண்ட இருக்கும்போதே சொன்னேன், இன்னிக்கு வர்றவன் கறிசோறு தின்னுட்டு வர்றான்னு."

"வாசனை காதுல ஏறுச்சா?" என்றார் ஜமீர்.

"ஏப்பம் கேட்டுச்சு பாய்."

பெஞ்சு குலுங்கியது. ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த ஜமீர் சும்மா விடவில்லை. மழையில் விளக்கு அணைந்துபோன ஒரு நாள், பீடி நெருப்பைக் காட்டியே கூட்ஸ் வண்டியை நிறுத்தியதாகச் சொன்னார். போன மாதம் அது தீக்குச்சியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த குள்ளம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண். ஜல்லி கொட்டும் தினக்கூலியாகச் சேர்ந்து பல வருஷம் கழித்து நிரந்தரமானவர். எழுபத்தாறு வயதில் இப்போது புளி மண்டியில் கொட்டை எடுக்கிறார். நகக்கண்களில் புளியின் கறுப்பு ஏறியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

ஜமீர் படித்தார். குள்ளம்மாள் நிரந்தர வேலையில் இருந்தது ஒன்பது வருஷமும் நாலு மாதமும். பென்ஷனுக்குப் பத்து வேண்டும். தினக்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அந்தக் காலத்து வருகைப் பட்டியல்கள் கிடைத்துவிட்டன. எண்பத்தெட்டாம் வருஷத்தது மட்டும் கரையானுக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு வருஷம் அறுந்தாலும் தினக்கூலிக் காலம் முழுவதும் செல்லாது. பதினைந்து வருஷமாக மனு போட்டதற்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது. புதன்கிழமை விசாரணை, கூட வேலை பார்த்த இருவர் சாட்சி சொல்ல வர வேண்டும்.

"நானும் பாயும் வர்றோம்," என்றார் நஞ்சப்பன்.

"வாங்கண்ணா. ஆனா அங்க வந்து ஏப்பக் கதையெல்லாம் வேணாங்க."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நஞ்சப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இல்லம்மா," என்றார்.

புதன்கிழமை ஸ்டேஷன் மாடியறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. மூவரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். நஞ்சப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி இளம் வயதுப் பெண். பெயர் பிரியதர்ஷினி. குள்ளம்மாள் நிற்பதைப் பார்த்ததும் தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எண்பத்தெட்டுல இவங்க வேலையில இருந்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பாலம் போனதுங்க," என்றார் நஞ்சப்பன். "நவம்பர் பன்னெண்டு. தீபாவளி முடிஞ்சு நாலாம் நாள், சனிக்கிழமை. கிலோமீட்டர் இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு, நாலாங்கல்லுக்கும் ஆறாங்கல்லுக்கும் நடுவுல. காலைல ஏழு மணிக்கு நாங்க போறப்போ கரை கரைஞ்சு தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார். "யார் யார் இருந்தீங்க?"

நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மணல் மூட்டை கைமாறிப் போன வரிசையிலேயே, மேட்டிலிருந்து தண்ணீரைத் தாண்டி உடைப்பு வரைக்கும், ஒவ்வொரு பெயராகச் சொன்னார். யாருக்குக் காய்ச்சல், யார் இடக்கைக்காரர், யாருடைய ஊர் எது என்பதும் கூடவே வந்தது. எங்கும் தடுமாறவில்லை, எதையும் கூட்டவும் இல்லை.

"ஏழாவது குள்ளம்மா. இடுப்பளவு தண்ணி. அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் குடுக்கணும். காலு நகந்தா ஆத்தோட போவணும். எங்க யாராலயும் அந்த எடத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்க முடியல. மாத்திவுடறேன்னேன், இவ கேக்கல. வெளிச்சம் இருந்த வரைக்கும் ரெண்டு நாளும் இவதான் நின்னா."

குள்ளம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பார்த்தீங்களா?" என்று ஜமீரிடம் கேட்டார் அதிகாரி.

"தண்ணியில நின்னதை நான் பாக்கலீங்க, எனக்கு இங்க டியூட்டி," என்றார் ஜமீர். "திங்கக்கிழமை மத்தியானம் சோறு எடுத்துட்டுப் போனேன். அப்பதான் மொத வண்டி பாலத்தைத் தாண்டுது. பதினாலு பேரும் ஜல்லி மேலயே படுத்துத் தூங்கறாங்க. பத்தடி தள்ளி வண்டி போவுது, ஒருத்தரும் எழல. இந்தம்மா கையைத் தொட்டு எழுப்பினேன். உள்ளங்கைத் தோலு உரிஞ்சு சாக்கு நாரு ஒட்டியிருந்தது."

அதிகாரி அதையும் எழுதி முடித்தார். பிறகு, கொண்டுவந்திருந்த தடித்த பதிவேட்டைத் திறந்தார். பாலங்களுக்கான பதிவேடு, அதைக் கரையான் தொடவில்லை. விரலை வரிகளின் மேல் ஓட்டி, தேதி, கிலோமீட்டர், கல் எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு கூடத் தப்பல," என்றார். "முதல் வண்டி போன நேரம்கூட அப்படியே இருக்கு."

நஞ்சப்பன் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதிகாரி தொடர்ந்து படித்தார். பார்வையிட வந்தவர்களின் பெயர்கள், பதவியோடு. மணல் மூட்டை ஆயிரத்து இருநூறு. ஜல்லி வேகன் ஒன்பது, ஒன்பதுக்கும் எண்கள். ஆள் பதினான்கு. பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

"பேரு போட்டிருக்குதுங்களா?" என்றார் குள்ளம்மாள்.

"இல்லம்மா. எண்ணிக்கைதான் இருக்கு. இவங்க சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுது. ஆனா பேர் இல்லாம இதை ஆதாரமா வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. சாட்சியை எழுதி மேல அனுப்பறேன்."

"அடியில இன்னும் ஒரு வரி இருக்குதுங்களே," என்றார் குள்ளம்மாள்.

அதிகாரி வாசித்தார். "வெள்ளத்தில் போனது, மண்வெட்டி ஒன்று. எண் முப்பத்தொன்று."

குள்ளம்மாள் பதிவேட்டின் மேல் குனிந்து பார்த்தார். "அது என்னோட மண்வெட்டிங்க," என்றார். "மூட்டை வாங்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்னு கரையில வச்சேன். தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

அதிகாரி மனுவை எடுத்து, கடைசிக் கட்டத்தில், பெயர் பதிவில் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிவேடு மேஜையில் அப்படியே திறந்திருந்தது. மண்வெட்டியின் எண்ணுக்கு அடியில், தவறிப் போய்விடக் கூடாதென்று, யாரோ சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.