மூத்த சம்சாரத்தின் சங்கிலி

மாப்பிள்ளையை ஏற்றிய பிளஷர் கார் வழியில் நின்றால் கோட்டையூரில் அபசகுனம் என்பார்கள். பிறகு அந்தக் காரை ஒரு நல்ல காரியத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில், அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகவேண்டிய என் அண்ணன் ஆசைத்தம்பியின் பழைய கார், நின்றபடி நன்றாக உறுமியது. வேகம் கொடுத்தால் கறுப்புப் புகை கக்கி அணைந்தது.

காலையிலிருந்து அண்ணன் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டே இருந்தான். மதினி சொர்ணவல்லி காப்பி கொண்டுவந்தவள், திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து பார்த்தாள்.

“இன்னொருக்கா மிதிங்க.”

மிதித்தான். அணைந்தது.

“இந்த ரப்பர் குழாய், பதனி உறிஞ்சுற பிள்ளை கன்னமாட்டம் ஒட்டுது. அங்குட்டு உக்காந்து மிதிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணன் நம்பவில்லை. மதினி சேலையை இடுக்கிக்கொண்டு ஏறி மிதித்தாள். தெருவே வேடிக்கை பார்க்க, அண்ணன் பானெட்டுக்குள் குனிந்தான். கார்புரேட்டருக்குக் காற்று கொண்டுபோகும் அந்தக் குழாய், எண்ணெய் குடித்து வெந்த புடலங்காயாகத் தொய்ந்து, மிதிக்கிறபோதெல்லாம் ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்தது.

“புதுசுக்கு மதுரை போகணும். வர்றதுக்குள்ள அழைப்பு முடிஞ்சிரும்.”

“அதைக் கழட்டிட்டு ஓட்டுனா?”

“செம்மண் புழுதி பூராவும் இஞ்சினுக்குள்ள போயிரும்.”

பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டிப் பார்த்தான். அதுவும் ஒட்டியது. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். “வேற வண்டி பாத்துக்கங்கன்னு சொல்லி அனுப்பிர்றேன்.”

“பொறுங்க. அதுக்குள்ள என்ன.”

எங்களுடையது பத்தர் குடும்பம். அரியக்குடியில் மதினி பிறந்த வீட்டிலும் நகைப் பட்டறைதான். சங்கிலி செய்ய, கம்பியை ஆணியில் நெருக்கமாகச் சுற்றி, வளையம் வளையமாக வெட்டுவார்கள். மதினி பித்தளைக் கம்பியை எடுத்து உலக்கையில் சுற்றினாள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி மாறவே இல்லை. அந்தக் கையை விட்டு என் கண் நகரவில்லை. அவள் வெட்டாமல் சுருளாகவே உருவி, முனைகளை மடக்கினாள்.

“யாருக்குடி இம்புட்டுப் பெரிய சங்கிலி?”

“உங்க மூத்த சம்சாரத்துக்கு” என்று காரைக் காட்டினாள்.

சுருளை டியூப்புக்குள் செருகி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினார்கள். அண்ணன் மிதித்தான். டியூப் உருண்டையாகவே நின்றது, புகை இல்லை.

மறுநாள் காலை அண்ணன் நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனத்தோடு வந்தான்.

“கோயில் மேட்டுல அழுத்தி மிதிச்சேன். மூத்தவ முனகக்கூட இல்ல. தை மாசக் கல்யாணத்துக்கும் இதே வண்டிதான்னு சொல்லிட்டாக.”

“சரி, மதுரையில புதுக் குழாய் வாங்கிருங்க” என்றாள் மதினி.

அடுத்த வாரமே வாங்கி வந்தான். அது இன்னும் பிரிக்காமல் டிக்கியில் கிடக்கிறது.