ரேகை வைக்க மாட்டேன்

சுரங்க ஆபீஸ் கிளார்க் துரைராஜ் மைப்பெட்டியை முன்னால் நகர்த்தி, "கட்டைவிரலைக் குடு" என்றபோதே ராயப்பனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

எட்டு வருஷமாக நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி அவன். கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணையும் கரியையும் ஷிப்ட் முழுக்கக் குனிந்து வாரிப் போடுகிற வேலை. இந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில்தான் நாற்பது பேரைப் பெர்மனெண்ட் ஆக்கப் போகிறார்கள். அதில் ஆறு இடம் அரிசனங்களுக்கு. பெர்மனெண்ட் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குழாயில் தண்ணீர் வரும், முதுகு கொஞ்சம் நிமிரும். பட்டியலில் ஆறாவது பெயர் சாமிக்கண்ணு. அது அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கி ராயப்பன் ஆகும்வரை அவன்தான்.

"மதம் இந்துன்னு எழுதியிருக்கேன்ப்பா. கிறிஸ்தவன்னு போட்டா அந்த ஆறு இடத்துல உனக்கு ஒண்ணும் கெடையாது. சட்டம் அப்படி. ரேகைய வச்சிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை நீ ராயப்பனா இரு, யாரு வேண்டாங்கிறா?"

இதை வேறு எவனாவது சொல்லியிருந்தால் போகட்டும் என்று விடலாம். துரைராஜ் மாதா கோயில் கமிட்டிக்காரர். பூசைக்கு முதல் பெஞ்சு அவருடையது. ராயப்பனும் அவன் காலனி ஆட்களும் கடைசியில் விரித்த பாயில் உட்கார வேண்டும். கேட்டால், "பழக்கம்ப்பா" என்பார். ஊரே பத்து வருஷத்து ஊர். கோயில் கட்டி மூன்று வருஷம்தான் ஆகிறது, வாசலில் நட்ட வேப்பங்கன்று இன்னும் இடுப்பளவுகூட வளரவில்லை. அதற்குள் பழக்கம் வந்துவிட்டதாம்! இத்தனைக்கும் மனிதர் கெட்டவர் இல்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் ராயப்பனுக்கு இன்னும் எரிந்தது.

அப்பன் ஆசையாக வைத்த சாமிக்கண்ணு என்ற பெயரை வரப்பில் நின்ற ஆண்டை எவனும் கூப்பிட்டதில்லை. "டேய்" என்பார்கள். சுரங்கத்தில் டோக்கன் நம்பர். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சாமியார்தான் முதல்முதலாக, "உன் பெயர் என்ன?" என்று மரியாதையாகக் கேட்டார். கோயில் முழுக்கக் கேட்கும்படி, "ராயப்பன்" என்றான். கடவுளே நேரில் கேட்டதாகத்தான் அவனுக்குத் தோன்றியது. அந்தப் பெயரை, வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரிடம் ஒரு மழைக்காலம் முழுக்கச் சிலேட்டில் எழுதிப் பழகினான். அவனுக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ரேகை வேணாங்க. கையெழுத்துப் போடறேன்."

"சாமிக்கண்ணுன்னு எழுதத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. ராயப்பன்னு தெரியும்."

"அடப் பைத்தியக்காரா, வேலை போயிடும்! வெறும் காகிதம்தானேப்பா!"

"நீங்க துரைராஜுன்னு எழுதிகினு, கிறிஸ்தவன்னும் எழுதிகினு, நாற்காலியில உக்காந்துகினு இருக்கறீங்களே சார். ஒங்களுக்கு ஒரு பேரு, எனக்கு மட்டும் ரெண்டா? ஒங்களுக்கு வாரம் பூரா அப்பனா இருக்கற கடவுளு எனக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் அப்பனா?"

ராயப்பன் துரைராஜின் பேனாவையே எடுத்து, சாமிக்கண்ணு, இந்து என்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அவரையே காட்டச் சொல்லி, கோடு போட்டு அடித்தான். கீழே கோணல்மாணலாக ராயப்பன் என்று எழுதினான். காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்தது.

வீட்டில் அவன் பெண்சாதி செங்கமலம் காத்திருந்தாள். அவனோடு அதே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த சொம்பைத் தூக்கி அடித்தாள்.

"எட்டு வருசமா மண்ண வாரி ஒடிஞ்ச முதுகுய்யா ஒனக்கு! ராவுல நீ மொனவுறத கேட்டுகினு கெடக்கறவ நானு. அந்தப் பேர சோத்துல பெசஞ்சி துன்னுவியா?"

இரண்டு நாளில் ஆறாவது இடத்தில் வேறு ஆளின் பெயரை ஒட்டிவிட்டார்கள். செங்கமலம் தட்டை நங்கென்று வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. ராயப்பனுக்கு ஜெபம்கூடச் சண்டையாகத்தான் வந்தது. "கூப்புட்டது நீ. வந்தவன் நானு. இப்ப பாரு என் கதிய" என்று இருட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். ஆனாலும் அந்தப் பெயரை எழுதியதற்காக அவன் ஒரு நிமிஷம்கூட வருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூசைக்குப் போனார்கள். பழகிய கால் பாயைத் தேடிப் போனது. ராயப்பன் காலை மடக்கி உட்காரப் போனான். செங்கமலம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கய்யா உக்கார்ற?"

பீடத்தருகே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த உபதேசியார் திரும்பினார். கோயிலே திரும்பியது.

"இந்தப் பாயில உக்காரத்தான் அந்த வேலைய வுட்டுட்டு வந்தியா?"

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் கஸ்தூரியம்மாள் எழுந்து நகர்ந்தாள். செங்கமலம் அசையவில்லை.

ராயப்பன் பாயைத் தாண்டி நேராக நடந்தான். முதல் பெஞ்சின் ஓரத்தில் துரைராஜ் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"தள்ளி உக்காருங்க சார்" என்றான் ராயப்பன்.