மேல் வரிசை

கலாதேவியின் குரல் மறுபடியும் உடைந்தது. நெட்வொர்க் வேலை பார்க்கும் தர்மேந்திரன் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க பார்... லூமுட்ல... நாளைக்..."

வாடிக்கையாளர் போனை வைத்துவிட்டார்.

"நான் ஒழுங்காத்தான் பேசுறேன் தம்பி. அங்க போய்ச் சேர மாட்டேங்குது லா."

ஈப்போவில் ஒரு கூரியர் கம்பெனிக்காக நடத்தும் அழைப்பு மையம் அது. அழைப்பு உடைந்தால் குறை பேசியவர் பெயரில்தான் விழும். கலாதேவி ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்று பதினொன்றரைக்குக் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் அவள் பேசுவதைக் கேட்பார். தேறாவிட்டால் வேலை போய்விடும்.

"பாக்குறேன் கா."

"நேத்தும் அதான் சொன்ன."

சுவிட்ச் அறையில் குளிர் அதிகம். அவன் கணினியைத் திறந்தான். அலுவலகத்தின் போன் பேச்சும் படமும் எல்லாம் கடந்துபோகும் சுவிட்சுக்குள் பல வரிசைகள் உண்டு. நெரிசல் வந்தால் மேல் வரிசையில் இருப்பது முதலில் போகும். கீழே இருப்பது காத்திருக்கும். இடம் நிறைந்தால் உதிர்ந்துவிடும். மேல் வரிசையை அவன் போன் பேச்சுக்காக மட்டும்தான் வைத்தான். பிறகு மனிதவளப் பிரிவினர் தங்கள் பயிற்சிப் படத்துக்குக் கேட்டார்கள். கணக்குப் பிரிவு கேட்டது. கேமராவுக்குக் காவலாளி கேட்டார். "கொஞ்சம் மேல போட்டு விடு மச்சான்." எல்லாரும் தெரிந்தவர்கள். எல்லாரையும் போட்டான். இப்போது கீழே யாரும் இல்லை.

இன்றைக்கு மேல் வரிசையை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு நேரலை. முதலாளி வள்ளியப்பனின் தமிழ்நாட்டு ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். அங்கே காலை ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. பாரிட் புந்தார் கிளையிலும் லூமுட் கிளையிலும் சொந்தக்காரர்கள் திரை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் இங்கிருந்துதான் போகிறது. மற்றவர்களை இறக்கினாலும் இது ஒன்றே போதும், பேச்சு உடைய.

வள்ளியப்பன் கூட்ட அறையில் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார்.

"பாஸ், நேரலைய ஒரு அரை மணி கீழ இறக்கணும்."

"சாமிய கீழ இறக்கணுங்கிறியா?"

"படத்த, பாஸ். கலா அக்காவுக்கு இன்னிக்கு டெஸ்ட்."

"அப்புறம் வைக்கச் சொல்லு."

"கோலாலம்பூர்ல கேக்க மாட்டாங்க."

"பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தரம்டா இது. போ."

அவன் திரும்பி வந்தான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தது. நேரலையைக் கடைசி வரிசைக்கு இறக்கினான்.

பதினொன்றரை ஆனதும் கலாதேவியின் இடத்துக்குப் போய் நின்றான். அவள் பேசிக்கொண்டிருந்தாள். முழு வாக்கியங்கள். சித்தியவானில் ஒரு மருந்துப் பார்சல், வீட்டில் ஆள் இல்லை, பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா. கொடுக்கலாம். அடுத்த அழைப்பு. அதுவும் உடையவில்லை.

கூட்ட அறைக் கதவு திறந்தது.

"தண்ணி ஊத்துறப்ப நின்னுபோச்சு," என்றார் வள்ளியப்பன். குடத்தைச் சாய்த்த கையோடு அர்ச்சகர் சுவர்த் திரையில் அப்படியே நின்றார். "லூமுட்ல பெரியம்மா போன் போட்டு அழுவுது."

"நான்தான் இறக்கினேன் பாஸ்."

அவர் அவனைப் பார்த்தார். பிறகு கலாதேவியின் முதுகைப் பார்த்தார். அவள் அடுத்த அழைப்பை எடுத்திருந்தாள். இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"தேறுமா?"

"தேறிடும்னு நினைக்கிறேன்."

"எனக்கு அது திரும்பி வராது, தெரியுமில்ல?"

"தெரியும் பாஸ்."

"இனிமே மேல என்ன இருக்கும்?"

"போன் பேச்சு மட்டும்."

"மத்தவன்லாம்?"

"இறக்கணும்."

"என்னய இறக்கிட்டு அவனுங்கள மேல வச்சிருக்கியா?"

அவன் சுவிட்ச் அறைப் பக்கம் திரும்பினான்.

"போ. ஒவ்வொருத்தன்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லு. சொல்லிட்டு இறக்கு." கதவு சாத்திக்கொண்டது.

மனிதவளப் பிரிவு இரண்டாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. தர்மேந்திரன் படியேறத் தொடங்கினான்.