வெள்ளைச்சாமியின் ஒரு நாள் லீவு

சிந்தாமணிக்கு வெகுநாளாக ஓர் ஆசை. ஏதாவது ஒரு மேடையில், நாலு பேர் பார்க்க, அப்பாவின் பக்கத்தில் நிற்க வேண்டும். இருபத்துநாலு வயதில், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இதென்ன ஆசை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அப்பா வீட்டிலேயே இருந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாது.

அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கில்ன் பர்னர். கில்ன் என்பது சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கும் நீளமான இரும்பு உருளை. இரவு பகல் அணையாது. அதன் முகப்பில் இருக்கும் சின்னக் கதவு வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து, கரியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. மழை, காய்ச்சல், காதுகுத்து, கல்யாணம் எதற்கும் மனிதர் லீவு போட்டதில்லை. "கில்னுதான் இவருக்கு மூத்த பொண்டாட்டி. நான் ரெண்டாந்தாரம்" என்று அம்மா பச்சையம்மாள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிந்தாமணிக்குச் சிரிப்பு வராது.

1997ஆம் வருடம், குழந்தைகள் தினத்தன்று, பெரம்பலூரில் ஒரு பள்ளி மைதானத்தில் பேச்சுப்போட்டிப் பரிசளிப்பு. பத்தாம் வகுப்புச் சிந்தாமணிக்கு முதல் பரிசு. பரிசு வாங்கும் பிள்ளையோடு பெற்றோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா தா.பழூரில் பிறந்த வீட்டுக்குக் களையெடுப்புக்குப் போயிருந்தாள். அப்பா முதல்நாளே, "எனக்கு டூட்டிம்மா, எப்படி வர்றது" என்று சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் பக்கத்தில் அவரவர் அப்பா நின்றார்கள். சிந்தாமணி பக்கத்தில் காற்றுதான் நின்றது. பாவப்பட்டு யாரோ ஒரு டீச்சர் ஓடிவந்து, தோளில் கைபோட்டு போட்டோவுக்குச் சிரித்தார். அந்தப் போட்டோவை அவள் இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

பிறகு பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கற்று, அப்பாவின் ஆலையிலேயே பெர்சனல் ஆபீசில் சேர்ந்தாள். ஒரே ஆலைதான். ஆனால் அவள் உள்ளே வரும் நேரம் அவர் கில்ன் பக்கம் இருப்பார், அவர் வெளியே வரும் நேரம் இவள் பஸ்ஸில் இருப்பாள்.

2005ஆம் வருடக் கடைசியில் ஆலைக்கு ஒரு புது சாஃப்ட்வேர் வந்தது. வருகை, லீவு, சம்பளம் எல்லாம் இனி அதில்தான். திருச்சியிலிருந்து வந்த குருமூர்த்தி என்பவர் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு போன் நம்பரை எழுதிவைத்துவிட்டுப் போனார். அதில் விருதுக்கென்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. விருதின் பெயர், தகுதி, காலம், பரிசு என்று கட்டங்கள். நிரப்பிவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் தகுதியுள்ளவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும்.

பெர்சனல் ஆபீசர் அல்தாப் சாருக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் துபாயில் இருக்க, உள்ளூரிலேயே தங்கிவிட்ட ஒரே ஆள்.

"சிறந்த தொழிலாளின்னு போட்டா அடிதடி ஆயிடும்மா. யார் சிறந்தவன்னு யார் சொல்றது? சங்கத்துக்காரங்க என்னை உயிரோட வுடமாட்டாங்க."

சிந்தாமணி மெதுவாகச் சொன்னாள். "வருகைய வெச்சுக் கொடுக்கலாம் சார். பத்து வருசம், ஒரு நாள் லீவு இல்லாம வந்தவங்களுக்கு. அதுல யாரும் சண்ட போட முடியாது."

"அட, நல்ல யோசனையா இருக்கே!"

நல்ல யோசனைதான். யாருக்கு நல்லது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதே சூட்டில் பரிசுக் கட்டத்தில், 'கேடயமும் கைக்கடிகாரமும்' என்பதற்குக் கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். 'விருது பெறுபவர் மே தின விழா மேடையில் குடும்பத்துடன் கௌரவிக்கப்படுவார்.' அல்தாப் சார் படித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இது இன்னும் நல்லாருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பழைய வருகைப் பதிவேடுகள் ரெக்கார்டு ரூமிலிருந்து தூசியோடு வந்தன. 1996 முதல் பத்து வருடம், நானூறு பேர். ஆபீசில் கூட இருந்த கவிதாவும் இவளும் வருடங்களைப் பங்குபோட்டுக்கொண்டு நாலு மாதம் தட்டினார்கள். அப்பாவின் வரிசை வரும்போதெல்லாம் சிந்தாமணியின் விரல் கொஞ்சம் தயங்கும். அவள் வயதுக்கு வந்து பந்தல் போட்ட நாளில் அப்பா கில்னில் இருந்தார். அவள் மஞ்சள்காமாலை வந்து அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் கில்னில் இருந்தார். தன் வாழ்க்கையில் அப்பா இல்லாத நாளையெல்லாம் தானே ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினாள். வலித்தது. ஆனாலும், இத்தனை நாளுக்கும் சேர்த்து ஒரு நாள் மேடை கிடைக்கப்போகிறதே என்று தேற்றிக்கொண்டாள்.

வீட்டிலோ ஏற்கெனவே திருவிழாதான். ஜூன் மாதத்தோடு ரிட்டயர் ஆகப்போகும் வெள்ளைச்சாமி, வாழ்நாளில் முதல்முறையாகத் தானாகக் கடைவீதிக்குப் போய் வெள்ளைச் சட்டைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தார். "விருது லிஸ்ட் எப்பம்மா வரும்?" என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்பார். பச்சையம்மாள் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி காலையில் சிந்தாமணி அந்தப் பட்டனைத் தட்டினாள். இரண்டு பெயர் வந்தது. பேக்கிங் பிளாண்ட் கொளஞ்சி, சுரங்கத்து வைரக்கண்ணு. வெள்ளைச்சாமியைக் காணவில்லை.

மறுபடி தட்டினாள். அதே இரண்டு பேர். அப்பாவின் பக்கத்தைத் திறந்து வருடம் வருடமாக இறங்கிப்போனாள். கவிதா ஏற்றிய வருடத்தில், ஒரே ஒரு கட்டத்தில், லீவு என்று இருந்தது. தேதி 14-11-1997.

கவிதா தப்பாகத் தட்டியிருப்பாள் என்று ரெக்கார்டு ரூமுக்கு ஓடினாள். பழைய டைம் கீப்பர் ஆண்டவர் கையால், சிவப்பு மையில், தெளிவாக லீவு என்றுதான் எழுதியிருந்தது. சிந்தாமணி அந்தத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விருது போனதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. டூட்டி என்று சொன்னாரே! அன்றைக்கு டூட்டியே இல்லையே! லீவு போட்டுவிட்டு எங்கே போனார்? என்னை அத்தனை பேர் நடுவில் அநாதை மாதிரி நிற்கவைத்துவிட்டு, அப்படி எங்கேதான் போனார்? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அல்தாப் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பத்து வருசத்துல ஒரு நாள்தானேம்மா. ஆண்டவர் தப்பா எழுதிட்டாருன்னு மாத்திடு. நான் கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேரு மூணு பேரா ஆவாங்க, அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு இல்லாத விருது வேற யாருக்கும்மா?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

"யார்கிட்ட கேக்கணும்?"

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள்.

அன்று வெள்ளைச்சாமிக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் குளித்துவிட்டு, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சிந்தாமணி எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, லிஸ்ட்டு வந்துருச்சு. உங்க பேரு இல்ல."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஒரு நாள் லீவு இருக்கு. தொண்ணூத்தேழு, நவம்பர் பதினாலு."

அடுப்படியிலிருந்து பச்சையம்மாள் எட்டிப்பார்த்தாள். வெள்ளைச்சாமி அசடு வழியச் சிரித்தார். "ஒரு நாளையெல்லாம் கம்ப்யூட்டரு பாக்காதுன்னு நெனச்சேன்."

"எங்க போனீங்க அன்னிக்கு?"

"பெரம்பலூருக்குத்தான்."

"பொய் சொல்லாதீங்க. மேடையில பேரு கூப்புட்டாங்க. ரெண்டு தடவ கூப்புட்டாங்க. நீங்க வரல."

"வந்தேன் தாயி. சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நின்னேன்."

"அப்புறம் ஏன் மேல வரல?"

வெள்ளைச்சாமி பதில் சொல்வதற்குள் இடது கை தானாகப் போய்ப் புருவத்தைத் தடவியது. அதைப் பார்த்ததும், அவர் சொல்வதற்கு முன்பே, சிந்தாமணிக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வாரம் கில்ன் கதவைத் திறந்தபோது நெருப்பு எதிர்த்து வந்து அப்பாவின் புருவமும் முன்முடியும் கருகிப்போயிருந்தன. நெற்றித் தோல் உரிந்து தொங்கியது. முதல்நாள் சாயங்காலம், பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே, அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். 'அய்யய்யோ, புருவமே இல்லாம இந்த மூஞ்சோட மேடைக்கு வந்தீங்கன்னா ஊரே சிரிக்கும்ப்பா!' விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனாள். அதற்கப்புறம்தான் அவர் டூட்டி என்றார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எட்டு வருடத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்திருந்தாள்.

"நீ முதல் பரிசு வாங்கற. உன்னப் பாத்து யாரும் சிரிச்சிரக் கூடாதுல்ல" என்றார் வெள்ளைச்சாமி, சாதாரணமாக. மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

சிந்தாமணி அவரெதிரே தரையில் உட்கார்ந்தாள். "சார் அதை மாத்திடச் சொல்றாரு. மாத்துனா உங்களுக்கு விருது வந்துரும். நானும் அம்மாவும் கூட மேடைக்கு வரலாம்" என்றாள்.

"மாத்துனா அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு வரும்?"

"கில்னுல இருந்ததா வரும்."

வெள்ளைச்சாமி கொடியில் தொங்கிய புதுச் சட்டையை ஒருமுறை பார்த்தார். ஆசை இல்லாமல் இல்லை. முகத்திலேயே தெரிந்தது.

"வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும்."

மே தினத்தன்று கொளஞ்சியும் வைரக்கண்ணுவும் பெண்டாட்டி பிள்ளைகளோடு மேடையேறினார்கள். கேடயத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற சிந்தாமணி எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். கொளஞ்சியின் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நேரம் வெள்ளைச்சாமி கில்னில் இருந்தார்.

அடுத்த வாரம் அவர் பெர்சனல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு. கையில் ஒரு தாள். கோணல்மாணலான எழுத்தில் ஒரு நாள் லீவு கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில், 'மகளுடன் பெரம்பலூர் செல்ல' என்று இருந்தது. சிந்தாமணி அதை அவரெதிரிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கூடவே தனக்கும் ஒரு நாள் ஏற்றிக்கொண்டாள்.

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கோடை விடுமுறையில் பள்ளி மைதானம் காலியாகக் கிடந்தது. வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச்சாமி நேராகச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், தகரக் கூரையின் கடைசித் தூணைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான்."

சிந்தாமணி அந்தத் தூணை ஒட்டி நின்று பார்த்தாள். சிமெண்ட் மேடை எங்கேயோ மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. மேடையில் நின்றுகொண்டிருந்த ஆடு, வெள்ளாடா செம்மறியா என்றுகூடத் தெரியவில்லை.

"இங்கருந்து என் மூஞ்சி தெரிஞ்சுதாப்பா?"

"மூஞ்சி தெரியல" என்றார் வெள்ளைச்சாமி. "நீ யாரையோ தேடிக்கிட்டே இருந்தது மட்டும் தெரிஞ்சுது."